யாருக்காக ஓடுகிறது இரயில்?

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இரயில் கேட்கும்போதெல்லாம், "இலாபம் வருமா?" என்ற கேள்வி எழுகிறது. அறத்தின் கேள்வியா அது, அங்காடியின் கேள்வியா?

வரலாற்றைப் புரட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக் கும்பினிகள் இங்கே தண்டவாளம் போட்டபோது, அவர்களின் முதலுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி என்றது அரசு. குறைந்ததை ஈடுகட்டியது எது? ஏர் பிடித்தவனின் வரிப்பணம்! சீமைப் பங்குதாரருக்குச் சுகம். செம்மண் உழவனுக்குச் சுமை!

1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது. மலையின் ஏலமும் தேயிலையும் சமவெளி கண்டன. 1942இல், போர்க்காலத்தில், வண்டி நின்றது. 1944இல் தென்னிந்திய இரயில்வே அரசுடைமையாயிற்று. விடுதலைக்குப் பின் பாதையும் உயிர்பெற்றது. அகலப்பாதைக்காக 2010 முடிவில் மீண்டும் நின்ற வண்டி, தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் திரும்பியது. சின்னமனூரும் உத்தமபாளையமும் கம்பமும் கூடலூருமோ இன்னும் காத்திருக்கின்றன!

அன்னியக் கும்பினிக்கு வட்டி கட்டிய மக்கள், தாமே உடைமையாளரான பின் ஒரு வண்டி கேட்டால், கணக்கேட்டை நீட்டுவதா? பள்ளிக்கூடத்தின் இலாபத்தை எந்த ஏடு காட்டும்?

செலவைப் பார்க்க வேண்டாமா என்பீர். பாருங்கள். ஆனால், மதுரை மருத்துவமனைக்கு விரையும் நோயாளியின் ஒரு மணி நேரத்தையும் வரவிலே எழுதிவிட்டுப் பாருங்கள்!