இறைவன் பெயரும் இறைச்சிக் கடைப் பாக்கியும்

அடியான் ஒருவன் நல்லது செய்தால் அல்லாஹ்வின் கண்ணியம் கூடிவிடுமா? கூடாது. அவன் தீமை செய்தால் அது குறைந்துவிடுமா? குறையாது. அவன் எவர் தேவையும் அற்றவன். அப்படியானால் ஒரு மனிதனின் நடத்தையால் இறைவன் பெயர் உயர்கிறது என்றோ, அதற்கு இழுக்கு நேர்கிறது என்றோ சொல்வதற்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருபவர்கள் யூத மார்க்க அறிஞர்கள். வேதக்காரர்களாகிய அவர்கள் எண்ணிப் பார்த்ததை நாமும் சற்றுக் கவனிப்பதில் குற்றமில்லை.

அவர்கள் வழங்கும் சொல் 'கித்தூஷ் ஹஷேம்'. ஹஷேம் என்றால் 'அந்தப் பெயர்'. இறைவனின் திருநாமத்தை நாவால் மொழிய அஞ்சி இப்படிக் குறிப்பார்கள். கித்தூஷ் என்பது நமது 'குத்தூஸ்', 'தக்தீஸ்' ஆகியவற்றுக்கு இனமான எபிரேயச் சொல். ஆக, திருநாமத்தின் பரிசுத்தத்தை விளங்கச் செய்தல் என்று பொருள். இதற்கு எதிரானது 'ஹில்லூல் ஹஷேம்', அதாவது திருநாமத்தை இழிவுபடுத்துதல். இன்று அவர்களிடமுள்ள தவ்ராத்தின் லேவியர் ஆகமம் 22ஆம் அதிகாரத்தில் இவ்விரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன.

ஈஸா (அலை) அவர்களுக்கு முந்திய நூற்றாண்டில் ஷிம்ஓன் பென் ஷேதாஹ் என்ற பேரறிஞர் இருந்தார். ஆளி நார் வேலை செய்து பிழைத்தவர். ஆசிரியர் படும் சிரமத்தைக் கண்டு, மாணவர்கள் ஓர் அரபியிடம் கழுதை ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். கொண்டு வந்து பார்த்தால் அதன் கழுத்தில் விலையுயர்ந்த கல் ஒன்று தொங்குகிறது! இனி நீங்கள் உழைக்கவே வேண்டாம் என்று மாணவர்கள் மகிழ்ந்தார்கள். விற்றவருக்கு இது தெரியுமா என்று கேட்டார் ஆசிரியர். தெரியாது என்றார்கள். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். வேற்றுச் சமூகத்தவர் தவறவிட்ட பொருளைத் திருப்பித் தருவது சட்டப்படி கடமையில்லை என்று மாணவர்கள் வாதாடினார்கள். அவர் இணங்கவில்லை. உலகத்து லாபம் அனைத்தையும் விட, அந்த அரபியின் வாயால் தம் இறைவன் புகழப்படுவதே தமக்குப் பெரிது என்று சொல்லிவிட்டார். கல்லைத் திரும்பப் பெற்ற அரபியும் ஷிம்ஓனின் இறைவனையே புகழ்ந்தாராம்.

ஜெருஸலம் தல்மூதில் உள்ள இந்தச் சம்பவத்தில் என் மனம் நிற்கும் இடம் மாணவர்களின் வாதம்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஃபத்வா வேறு, தக்வா வேறு என்று நம் உஸ்தாதுமார்கள் சொல்வார்களே, அந்த இடைவெளியில்தான் ஷிம்ஓன் நிற்கிறார். அவர்களுடைய தோசெஃப்தா என்ற தொகுப்போ இன்னும் ஒரு படி மேலே போய், வேற்றுச் சமூகத்தவரிடம் களவாடுவது தன் சமூகத்தவரிடம் களவாடுவதைவிடக் கடுமையானது என்கிறது. காரணம், அதில் திருநாமமும் சேர்ந்து இழிவுபடுகிறது.

பிற்காலத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் முந்திக்கொண்டது. 1096இல், முதல் சிலுவைப் போரின்போது, ரைன் நதிக்கரையிலுள்ள வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் ஞானஸ்நானத்தை மறுத்து யூதர்கள் பலர் மாண்டார்கள். அதன்பின் கித்தூஷ் ஹஷேம் என்றாலே மார்க்கத்துக்காக உயிர் கொடுப்பது என்றாகிவிட்டது. நம் சரித்திரத்திலும் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதூன்களின் ஆட்சி நெருக்கியதால் குர்துபாவை விட்டு வெளியேறியது மூஸா இப்னு மைமூனின் குடும்பம். அவரே பின்னர் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் குடியேறி, சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலின் ஆதரவில் மருத்துவராக இருந்து, 1204இல் காலமானார்.

'மிஷ்னே தோரா' என்ற அவரது சட்ட நூலில் இந்த விஷயத்துக்கே ஓர் அத்தியாயம் உண்டு. உயிர் துறக்க வேண்டிய சந்தர்ப்பங்களை விவரித்து முடித்தபின் அன்றாட வாழ்வுக்கு வருகிறார். நமக்கு இங்கே ஒரு சந்தேகம் எழும். பிறர் பார்த்து இறைவனைப் புகழட்டும் என்று நன்மை செய்வது முகஸ்துதி ஆகாதா? ஷிம்ஓன் அந்த அரபியின் வாழ்த்தை எதிர்பார்க்கத்தானே செய்தார்? இப்னு மைமூன் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள்: யூசுஃப் (அலை) அவர்கள்! எஜமானின் மனைவி அழைத்தபோது அவர்கள் மறுத்த இடத்தில் புகழ ஒருவரும் இல்லை, கண்டிக்கவும் ஒருவரும் இல்லை. உலகப் பயமோ பெருமையோ இன்றிப் படைத்தவனுக்காக மட்டுமே பாவத்தை விட்டவர் திருநாமத்தைப் பரிசுத்தப்படுத்தியவர் என்கிறார். அடுத்த சட்டத்திலேயே கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறார். சாட்சியில்லாத அறையில் உண்மையாயிருப்பவருக்குத்தான் சந்தையின் பேச்சைப் பற்றிக் கவலைப்பட உரிமை உண்டு என்றே இந்த வரிசையை நான் விளங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கடைத்தெருச் சட்டம் ஆலிம்களுக்கு உரியது. கையில் பணமிருந்தும் வாங்கிய பொருளுக்கு உடனே கொடுக்காமல் கடைக்காரரை அலைய வைப்பது, சிடுசிடுத்த முகத்தோடு மக்களைச் சந்திப்பது — மற்றவர் செய்தால் சிறு குறை, மார்க்கம் படித்தவர் செய்தால் திருநாமத்துக்கே இழுக்கு. இதன் வேர் பாபிலோனியத் தல்மூதில் இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் இராக்கில் வாழ்ந்த ரவ் என்ற அறிஞரிடம் திருநாமத்தை இழிவுபடுத்துவது எது என்ற கேள்வி வந்தபோது, விக்கிரக வணக்கத்தையோ கொலையையோ அவர் சொல்லவில்லை. தாம் இறைச்சி வாங்கிவிட்டு உடனே பணம் கொடுக்காமல் போவதைச் சொன்னார்! அவருக்குப் பின் வந்த அபாயே, கடைக்காரரே வீடு தேடி வந்து வசூலிக்கும் வழக்கமுள்ள ஊரில் அது குற்றமில்லை என்று விளக்கினார்.

ரவ் ஏன் இவ்வளவு அஞ்சினார் என்பதை ஆலிம்கள் நன்றாகவே அறிவோம். தலைப்பாகையும் தாடியும் உள்ளவரிடம் பாக்கியைக் கேட்கக் கடைக்காரருக்கு நா எழாது. "பரவாயில்லை ஹஜ்ரத், அப்புறம் தாங்க" என்பார். அவர் விழுங்கிக்கொள்ளும் சொல் நம்மைப் பற்றியதாக மட்டும் இருக்காது. எனக்கும் அப்படி ஒரு பாக்கி மூன்று வாரமாக நின்றது. கையில் பணம் இல்லாமலில்லை, அசட்டைதான். இந்த அத்தியாயத்தைப் படித்த அன்று அஸருக்குப் பின் போய்க் கொடுத்தேன். அவர் சிட்டையைப் பார்க்கவேயில்லை. தொகை அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

அபாயே தம் விஷயத்தில் எப்படி நடந்தார் என்பதையும் தல்மூது பதிந்து வைத்திருக்கிறது. கூட்டாளிகள் இருவர் நடத்திய கடையில் இறைச்சி வாங்கினால், ஒருவரிடம் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் போய், இவர் கொடுக்கவில்லையோ என்று அவர் எண்ணக்கூடும். அதனால் இருவருக்கும் தனித்தனியே ஒரு ஸூஸ் காசு கொடுப்பார். பிறகு இருவரையும் ஒன்றாக அழைத்து, அவர்கள் முன்னிலையில் கணக்கை நேர் செய்துகொள்வார்.