நேசித்த காட்டில் ஒரு துப்பாக்கி

இமயமலைச் சரிவில் உள்ள குமாயுன் நாட்டை ஜிம் கார்பெட் அளவுக்கு நேசித்து எழுதியவர்கள் மிகச் சிலரே. 1875இல் நைனிதாலில் பிறந்த அவர், குளிர்காலங்களை அடிவாரத்துக் காலாதுங்கியில் கழித்தார். எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது, மண்ணில் பதிந்த தடம் எப்போது பதிந்தது என்பதெல்லாம் சிறுவயதிலேயே அவருக்கு அத்துப்படி. 1944இல் வந்த அவரது நூலைத் தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழில் தந்தார். வேட்டைக் கதைகள்தாம், ஆனாலும் அவற்றின் பக்கங்களில் ஓடையும் மலைப்பாதையும் ஏழைக் குடியானவர்களும் நிறைந்திருக்கிறார்கள். அங்கேதான் கேள்வி எழுகிறது: ஒரு மண்ணை நேசிப்பவருக்கு அந்த மண்ணின் உயிரைக் கொல்லும் உரிமை உண்டா?

இரண்டு புலிகளை எடுத்துக்கொள்வோம். சம்பாவத் பெண்புலி, கார்பெட் தரும் கணக்குப்படி, நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றது. அதன் கடைசி இரை, சுள்ளி பொறுக்கப் போன ஓர் இளம்பெண். 1907இல் கார்பெட் அதைச் சுட்டார். அரசு அறிவித்த பரிசுத்தொகையை விலக்கிக்கொண்டால்தான் வருவேன் என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்திருந்தார். உயிருக்குக் கூலி வாங்க மறுத்த அந்த மனத்தை மதிக்கத்தான் வேண்டும்.

போவல்கட் ஆண்புலியின் கதை வேறு. அது யாரையும் தின்னவில்லை. உருவத்தில் பெரியது; அது ஒன்றே அதன் குற்றம். 1920 முதல் பத்தாண்டுகள் வேட்டைக்காரர்கள் பலர் அதைத் தேடி அலைந்தார்கள். 1930இல் அதுவும் கார்பெட்டின் குண்டுக்கே விழுந்தது. கிடத்தி அளந்தபோது 10 அடி 7 அங்குலம். அந்தக் காட்டை நன்கு அறிந்த கைதான் அதன் பேரழகையும் வீழ்த்தியது.

கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், கொடியவரை வேந்தன் கொலைத் தண்டனையால் ஒறுப்பதைக் களையெடுப்பதற்கு ஒப்பிட்டார். சம்பாவத் புலியைக் கொன்றதை அந்த அளவுகோலால் ஏற்கலாம். ஆனால் அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரை நாடியது என்று கார்பெட்டே எழுதுகிறார். களை என்றால், அதை விதைத்ததும் ஒரு துப்பாக்கிதான். சுட்டவன் போய்விட்டான். விலையைக் கொடுத்தவர்கள் புல்லறுக்கவும் விறகெடுக்கவும் போன பெண்கள்.

ஆகவே ஓர் அளவுகோல் தேவை. கொலையிலிருந்து இன்பத்தைக் கழித்துவிட்டால் காரணம் ஏதும் மிஞ்சுகிறதா? சம்பாவத்தில் மிஞ்சுகிறது. போவல்கட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

மீனுக்கும் இதே கேள்விதான். மலையடிவார ஆறுகளில் மஹசீர் பிடிப்பதைப் பற்றி அதே நூலில் கார்பெட் உருகி எழுதியிருக்கிறார். வயிற்றுக்காக வலை வீசுபவரிடம் காரணம் இருக்கிறது. தூண்டிலில் சிக்கிய மஹசீரைத் திரும்ப ஆற்றிலேயே விடுபவர்களும் இன்று உண்டு. ஆற்றில் வெடி வைப்பதை எதிர்க்க முதலில் வருபவர்கள் நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆற்றோடு பழகாதவருக்கு ஆற்றின் அழிவு கண்ணில் படாது. ஆனாலும் மீனின் வாயில் முள்ளை மாட்டாமலும் ஆற்றைக் காவல் காக்கலாம். காவலுக்குக் கூலியாக ஓர் உயிரின் துடிப்பைக் கேட்பது நேசத்துக்கு அழகில்லை.

வேட்டை இல்லாமல் இந்த அறிவு வந்திருக்குமா என்று கேட்கலாம். கார்பெட் அறிந்தவற்றில் பெரும்பகுதி வேட்டை நடையில் வந்தது என்பதை மறுக்க முடியாது. அதற்கு விடையையும் அவர் வாழ்க்கையே தருகிறது. பிற்காலத்தில் அவர் ஒளிப்படக் கருவியோடு காட்டுக்குள் போனார். காற்றின் திசை பார்ப்பது, தடம் படிப்பது, மூச்சடக்கிக் காத்திருப்பது எல்லாம் அதற்கும் வேண்டியிருந்தன. வேட்டைப்பரிசு அதை அடைந்தவருக்கு மட்டுமே சொந்தம், படமோ காட்டுயிரை விரும்பும் எல்லோருக்கும் மகிழ்ச்சி தரும் என்பது அவர் கண்டுகொண்ட வேறுபாடு. 1936இல் அந்த மண்ணில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. பின்னர் அது அவர் பெயரையே பெற்றது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

நேசம் அறிவைத் தரும். கொல்லும் உரிமையைத் தராது. அறிவு கூடக்கூடக் கடமைதான் கூடுகிறது. உடைந்த பல்லைக் கண்டபின், அதை உடைத்த குண்டைப் பற்றியும் மறைக்காமல் எழுதினார் கார்பெட். வேட்டை எழுத்து தன் மண்ணுக்குச் செய்யக்கூடிய நன்றிக்கடன் அதுதான். அந்தக் கதைகளைப் பரபரப்போடு படிக்கும் நாமும், புலி விழும் வரியோடு நூலை மூடிவிடாமல், அந்தப் பல் வரை படித்தாக வேண்டும்.