வேட்டிக்குச் சட்டம், கைலிக்கு?

2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை குறித்து ஓர் ஆணை போட்டது. பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் பேன்ட்டும், இல்லையென்றால் வேட்டி. இதில் எனக்குப் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சம்பளம் வாங்கும் இடத்துக்குத் துவைத்துத் தேய்த்த துணியில் போவது நியாயந்தான். அதிலும் சென்னை வெயிலுக்கு வேட்டியை அனுமதித்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

ஆனால், அலுவலகத்தில் உடையை வைத்து எடைபோடப்படுவது ஊழியர் மட்டுமா? கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்தான் அதிகம் எடைபோடப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

2014 ஜூலையில், வேட்டி கட்டிக்கொண்டு போனார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புக்குள் விடவில்லை. ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனவர் அவர். ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகும். நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் அன்று வாசலில் நின்றவர் ஒரு கொத்தனாராக இருந்திருந்தால் அது செய்தியாகக்கூட வந்திருக்காது. கைலிக்காக அப்போது யாரும் குரல் கொடுத்ததாகவும் எனக்கு நினைவில்லை.

கைலியின் மரியாதை தெரியவேண்டுமானால் தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டும். பட்டா மாறுதலுக்கு மனுவோடு இருவர் வருகிறார்கள். பேன்ட் போட்டவருக்கு, "வாங்க சார், உக்காருங்க." கைலி கட்டியவருக்கு, "என்னய்யா, ஓரமா நில்லு." தோளில் கிடந்த துண்டு தானாகவே கக்கத்துக்குப் போய்விடுகிறது. இரண்டும் ஒரே மனுதான். சொல்லப்போனால், கைலிக்காரர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வேலைத்தலத்திலிருந்து நேரே வந்திருப்பார். அவர் கட்டியிருப்பதும் வேலைக்கான உடைதானே? அந்த அறையில் பணிப்பண்பு தவறியவர், கஞ்சி போட்ட சட்டையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். அவர் மேல் எந்த உடை ஆணையும் குற்றம் காணாது.

ஜவுளிக்கடைகளில் இது வேறு விதம். தி.நகரில் பெரிய கடைகளுக்குப் போனால் விற்பனைப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில், மடிப்பு கலையாமல் பின் குத்தி நிற்பார்கள். உடையில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் நிற்கத் தொடங்கினால் கடை அடைக்கும் வரை நிற்கவேண்டும். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். 2018-இல் கேரளம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றது. உட்கார்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

புடவை எடுக்கப் போகிறவர்களும் இதில் யோக்கியர்கள் அல்ல. தங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் புகார் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்தச் சட்டத்தைத் திருத்துவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.