வாழ்வின் நலத்தை அளப்பவர் யாவர்?

பிறவியிலேயே இருதயத்திற் குறையுடையராய்ப் பிறந்து பராயமடைந்த ஒருவரது வாழ்வு நல்வாழ்வோ அன்றோ என்று தீர்ப்புரைக்கத் தக்கவர் யாவர்? வைத்தியரோ, உற்றாரோ, அவ்வாழ்வை வாழ்பவர்தாமோ?

முன்னாளில் இவ்வினா எழுதற்கு இடம் அரிது. கடுங்குறையுடைய மகவுகளுட் பல இளமையிலேயே இறந்தன. 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, அமெரிக்காவிலே பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், ஹெலன் தௌசிக் அம்மையாரின் கருத்தைக் கைக்கொண்டு, அல்பிரட் பிளாலொக் என்பார் உடல் நீலம்பாரித்த ஒரு பெண்மகவுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். ஆய்கூடத்திலே அம்முறையைச் செய்து தேர்ந்து, அன்று பிளாலொக்கின் பின்னே நின்று வழிகாட்டியவர் விவியன் தோமஸ் என்னுங் கறுப்பினத்தவர். அவர் பெயரை உலகம் அறிய நெடுங்காலஞ் சென்றது. அம்மகவு நெடுநாள் வாழ்ந்திலது, வழியோ திறந்துவிட்டது. இன்று செல்வ நாடுகளில் இக்குறையோடு பிறப்போருட் பதின்மரில் ஒன்பதின்மர் பராயமடைகின்றனர்.

இவர்களை இரங்கத்தக்காரென்றே பலருங் கருதுகின்றனர். அவர்கள் சொல்வதோ வேறு. 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியிலே, 15 நாடுகளைச் சேர்ந்த 4,000 பேருக்கு மேற்பட்டோர், பூச்சியம் முதல் 100 வரையுள்ள அளவுகோலில் தம் வாழ்வுக்குத் தாமே இலக்கமிட்டனர். பொதுவாக அவ்விலக்கம் உயர்ந்தே நின்றது. தாழ்ந்த இலக்கத்தோடு சேர்ந்து காணப்பட்டவற்றுள், உடலியக்கத் தளர்ச்சியோடு தொழிலின்மையும் மணமின்மையும் இருந்தன. இவ்விரண்டும் இருதயத்தினின்றும் மாத்திரம் வருவனவல்ல. தொழில் கொடாதாரும் பெண் கொடாதாரும் நம்மிடையே உளர்.

‘வேறு வாழ்வை அறியாமையினாலன்றோ அவர் மகிழ்கின்றனர்’ என்பாருமுளர். அங்ஙனமாயின், நோயற்ற நாமும் நம்முடைய ஒரு வாழ்வையன்றி வேறெதனை அறிந்து நம்மைச் சுகிகளென்கின்றோம்? அவ்வாட்சேபம் நம்மையுங் கூடவே வீழ்த்தும்.

ஆயினும், அவர் சொல்லுக்கும் ஓர் எல்லையுண்டு. சத்திரசிகிச்சை பெற்ற இருதயம் குறை முற்றும் நீங்கியதன்று. பலோ என்பார் 1888இல் விவரித்த நால்வகைக் குறை திருத்தப்பட்ட சிலரிடத்தே, நுரையீரலுக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வு ஆண்டுக்கணக்காக ஒழுகி, வலக்கீழறையை ஓசையின்றி விரிவிக்கின்றது. அவர் தம்மைச் சுகமென்றே எண்ணி வைத்தியரை நாடாதொழிகின்றனர். வாழ்வு எப்படியிருக்கின்றதென்பதற்கு வாழ்பவரே சாட்சி. வால்வு எப்படியிருக்கின்றதென்பதற்கு அவர் சாட்சியல்லர். அவர் மகிழ்கின்றாரென்று காட்டிச் சிகிச்சையைக் குறைப்பதும், அவர் நோயுற்றாரென்று காட்டி மகிழ்ச்சியைப் பொய்யாக்குவதும் ஒரே மயக்கத்தின் இரு முகங்களாம்.

இம்மயக்கம் நம் பாடசாலைகளிலே தொடங்குகின்றது. மார்பிலே தழும்புடைய பிள்ளையை விளையாட்டு மைதானத்து ஓரத்தில் வாங்கிலே இருத்திவிடுகின்றோம், பரீட்சைக்கும் வருத்தவேண்டாமென்கின்றோம். கருணையென்று நாம் நினைக்க, தான் ஒன்றுக்கும் உதவாதவனென்று அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. சில குறைகளுக்குக் கடுமுயற்சி ஆகாதென்பது உண்மையே. ஆதலின் எவ்வளவு ஓடலாமென்பதை வைத்தியரிடம் எழுத்திலே கேட்டறிதல் வேண்டும். அறிந்தபின், அவ்வெல்லைக்குள் ஓட விருப்பமுண்டோ என்று அப்பிள்ளையையே கேட்டல் வேண்டும்.