கேட்டில் நிற்கிறவன்

சித்தப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். போன தீபாவளிக்கு முன்னால் அவரை விருதுநகரில் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். போனை யூஎஸ்பி வயரில் மாட்டியதும் டாஷ்போர்டு திரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோ விரிந்தது. மேப், பாட்டு, வாட்ஸப்.

"ஏன்டா தம்பி, நாங்க போனை கேட்லயே வாங்கி வச்சுட்டுத்தான் ஆளை உள்ள விடுவோம். நீ வண்டிக்குள்ளயே கொண்டாந்து கட்டிப் போட்டிருக்க?"

"பாதுகாப்புக்குத்தான் சித்தப்பா. கையில எடுக்க வேண்டாம் பாருங்க."

ஆமத்தூர் தாண்டியதும் திரையில் மணியடித்தது. தட்டினேன். அலுவலகத்தில் பில்டு உடைந்துவிட்டது என்று வாசித்தது. வாயாலேயே பதில் சொன்னேன். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். ஆனாலும் மண்பாதையிலிருந்து மேலேறிய டிவிஎஸ் எக்ஸ்எல்லை, சித்தப்பா கத்திய பிறகுதான் பார்த்தேன். பிரேக் பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் திரைகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. அதனால் 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிட முடியவில்லை.

ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் 2014இல் அறிவிக்கப்பட்டவை. செயலிகள் ஓடுவது போனில்தான். கார்த் திரைக்கு அதன் படம் வருகிறது, நம் விரல் தொட்டது போனுக்குத் திரும்பிப் போகிறது. நோக்கம் நல்லது. மடியில் போனை வைத்துக் குனிந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஓடும்போது கீபோர்டைப் பூட்டுகிறோம், பட்டியல்களைச் சுருக்குகிறோம்.

பட்டாசு ஆலையில் அறைகள் தனித்தனியாக இருக்கும். நடுவே இடைவெளி, உள்ளே ஆள் கணக்கு. பொறி என்றாவது பறக்கும், பறந்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதுதான் கணக்கு. கார்த் தொழில் இதைத் தாமதமாகக் கற்றது. 2015இல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஒரு ஜீப் செரோக்கியின் பொழுதுபோக்குத் திரை வழியாக, இணையத்திலிருந்தே பிரேக் வரை போய்க் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. திரைக்கும் பிரேக்குக்கும் நடுவே சுவர் வைப்பதில் இன்று நிறையக் கவனம் செலுத்துகிறோம்.

திரைக்கும் ஓட்டுபவரின் மனதுக்கும் நடுவே அப்படி ஒரு சுவர் இல்லை. குரலால் கட்டளை சொல்லி முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப, மோசமான அமைப்புகளில் 27 விநாடி வரை ஆகலாம் என்று யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 450 மீட்டர். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், கையில் பிடித்த கருவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. என் கையில் எதுவும் இல்லை.

அப்போது தப்பு யாருடையது? வண்டியைக் கிளப்பியதும் ஒரு எச்சரிக்கை வரும்: கவனமாக ஓட்டுவது உங்கள் பொறுப்பு, சரியா? பார்க்காமலே 'சரி'யை அமுக்குகிறோம். அப்படி ஒரு திரையை நானே செய்திருக்கிறேன். அந்த ஒரு அமுக்கலில் மொத்தப் பொறுப்பும் ஓட்டுபவர் மடிக்கு வந்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. "இங்கயும் அதான். வெடிச்சா, செத்தவன் கவனக்குறைவும்பான். கவனம் தப்பும்னு தெரிஞ்சுதானடா ஒரு ரூமுக்கு நாலு பேருன்னு ரூல் போட்டாங்க? அஞ்சாவது ஆளை உள்ள விட்டது யாரு? அதைக் கேளு."

ஓட்டுபவர் வளர்ந்த மனிதர், வேண்டாமென்றால் அறிவிப்பை அணைத்துக்கொள்ளட்டும் என்று வாதாடலாம். நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் எந்த ஆலையும் தீப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, வேண்டாமென்றால் பற்றவைக்காதே என்று சொல்வதில்லை. ஓடும் வண்டியில் செய்தி வராமலிருப்பதுதான் இயல்பாக இருக்க வேண்டும். வேண்டுமென்பவர் நின்று, மாற்றிக்கொள்ளட்டும்.

அது நடப்பது எளிதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்கார்களில் இந்த இரண்டையும் கைவிடுவதாக 2023இல் சொன்னது. போன் கம்பெனிக்கும் கார் கம்பெனிக்கும் சண்டை, திரை யாருக்கு என்பதில்தான். செய்தியை வாசிப்பது போனின் மென்பொருள். அதற்கு ஸ்பீக்கரைத் திறந்துவிடுவது எங்களுடையது. இருவரும் மற்றவரைக் கைகாட்டலாம். நானும் இத்தனை நாள் அதைத்தான் செய்தேன்.

இறங்கும்போது சித்தப்பா கேட்டார்: "இதை எழுதுறது நீதானே?"

"என் பங்குக்குக் கொஞ்சம்."

"அப்ப நீயும் கேட்ல நிக்கிறவன்தான்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்த யோசனையை டிக்கெட்டாகப் போட்டேன். 'போட்டியாளர்களிடம் இருக்கிறதே' என்று கீழே ஒரு பதில். டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது. நான் மூடவில்லை.