கடன் தீர்ந்த மறு மாதம்



நான் சொற்பொழிவாளன் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்து, இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். போன மாதம் நம்ம ஞாயிறு வகுப்பில் "ஏதாவது பேசு தம்பி" என்று பொறுப்பாளர் அண்ணன் சொன்னபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசினேன். அது கடன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் கைப்பேசி ஒன்றைத் தவணையில் வாங்கினேன். "இப்ப எடு, அப்புறம் கட்டு" வகை. நாலு மாதம் ஒழுங்காகக் கட்டினேன். ஐந்தாம் மாதம் மோட்டார் விழுந்து பழுதானது. அதற்கு மாமாவிடம் 900 வெள்ளி. தவணை தவறியது, தண்டம் ஏறியது, அதைக் கட்ட இன்னொரு செயலியில் கடன். வீட்டுக்கு அழைப்பு வர ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தெரிந்துபோனது. அம்மா ஒண்ணும் பேசல. மறுநாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடையில் வைத்து 1,800 வெள்ளி கொண்டு வந்தார். "போய் அடைச்சிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அடகுக் கடையில் மாதத்துக்கு 2 விழுக்காடு வட்டி. 1,800க்கு 36 வெள்ளி. சனி ஞாயிறு பிறையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனேன், நாள் 60 வெள்ளி. மாதம் 480இல் 300 கடனுக்கு. மாமாவுக்கு 100, சங்கிலிக்கு 200, முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பத்து மாதம் ஆனது. வட்டி மட்டும் 200 வெள்ளிக்குச் சற்று மேல். அந்த 200க்கு நான் எதையும் வாங்கவில்லை, எதையும் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில்தான் திருவீழிமிழலை நினைவுக்கு வருகிறது. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை, தேவார வகுப்பில் எல்லோரும் கேட்டதுதான். ஊரில் பஞ்சம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமான் தினம் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் வைக்கிறார், அடியார்களுக்குச் சோறு போட. அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று சமையல்காரர்களைக் கேட்டால், "நம்ம காசைக் கடைக்காரர்கள் வாசி கேட்டுத்தான் வாங்குகிறார்கள்" என்கிறார்கள். வாசி என்றால் கழிவு. முழு மதிப்பு கிடைக்காத காசு. அப்பர் காசுக்கு அது இல்லை. அவர் கையால் உழவாரத் தொண்டு செய்தவர், அதனால் என்று புராணம் காரணம் சொல்கிறது. பிறகு சம்பந்தர் பதிகம் பாடி வாசி இல்லாத காசு பெற்றார்.

சின்ன வயதில் இதை அற்புதக் கதையாகக் கேட்டேன். பத்து மாதம் வட்டி கட்டின பிறகு வேறு மாதிரிக் கேட்டது. ஞானக்குழந்தை கையில் இருந்த காசானாலும், கடைக்காரன் கழிவு பிடித்தால் அடியார் பசியோடு உட்கார வேண்டியதுதான்! என் 480 வெள்ளியும் வாசி உள்ள காசாகத்தான் இருந்தது. பார்க்க 480, உள்ளே ஒரு பங்கு எப்போதோ செலவாகிப்போனது.

தைப்பூசத்துக்கு முன்னால் சங்கிலியை மீட்டு அம்மா கையில் கொடுத்தேன். இனிமேல் கை நிறையக் காசு என்று நினைத்தேன். நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

மறு மாதம், பிப்ரவரி. கடனுக்குப் போய்க்கொண்டிருந்த 300 வெள்ளி கையிலேயே இருக்க வேண்டும், இல்லையா? மாதக் கடைசியில் பணப்பையில் 11 வெள்ளி. எங்கே போனது என்று உட்கார்ந்து யோசித்தேன். சப்பாத்து ஒன்று தள்ளுபடியில், பசார் மாலாமில் இரண்டு தடவை, நண்பர்களோடு இரவு மாமாக் கடை, தாப்பாவ், குளிர்பானம். எப்படிக் கூட்டியும் 140க்கு மேல் கணக்கு வரவில்லை. மீதி 160 எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து மாதம் நான் சிக்கனமாக இருக்கவில்லை, என்னை யாரோ சிக்கனமாக வைத்திருந்தார்கள். அதுதான் உண்மை. கடைக்காரன் கெடு வைத்தான், நான் கட்டினேன். கெடு போனதும் ஒழுக்கமும் போனது. விரதம் இருக்கிறவனும் சோறு கிடைக்காதவனும் பட்டினிதான். ஆனால் அது ஒரே பட்டினியா?

வள்ளுவர் இதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். வரவு சிறுத்திருப்பது கேடு இல்லை, செலவு போகிற வழி அகலாமல் இருந்தால் சரி என்ற கருத்து 478ஆம் குறளில் வருகிறது. அந்த அதிகாரத்தின் பெயர் வலியறிதல். படை எடுக்கும் அரசனுக்குச் சொல்லும் அதிகாரம். வரவு செலவு தெரியாதவன் தன் பலம் தெரியாதவன் என்று அதே இடத்தில் சேர்த்துவிட்டார். நானோ மாதம் 160 வெள்ளி எங்கே போனது என்று தெரியாத அரசன்.

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு பாடம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு பெரி ஏறியோ பாலம் கடந்தோ தண்ணீர்மலைக்குப் போகிறோம், வெள்ளி ரதத்தைக் கும்பிடுகிறோம். அந்த நகரத்தார் கோயில் 1850களில் எழுந்தது. கட்டியவர்கள் வட்டித் தொழில் செய்த செட்டியார்கள். அவர்கள் பினாங் ஸ்திரீட் கிட்டங்கிகளில் இருந்த விதத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே நீளக் கூடம், ஆளுக்கு ஒரு பெட்டியடி. பகலில் அங்கேதான் தொழில், இரவில் பாயை விரித்தால் அங்கேதான் படுக்கை. லட்சக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் இப்படி இருந்தார்கள். வரவையும் செலவையும் ஏட்டில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கிலேயே சாமிக்கும் ஒரு பங்கு, அதற்கு மகமை என்று பெயர். கடன் கொடுத்தவர் பாயில் படுத்தார். கடன் வாங்கியவர் என்ன ஆடம்பரம் செய்தாரோ! வட்டித் தொழிலை நான் புகழவில்லை. தோட்டத்தில் வேலை செய்த நம்ம தாத்தா பாட்டிகளில் கடன் பட்டு அழுதவர்கள் நிறைய. ஆனால் அந்த ஏடு எழுதும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் அவர்களிடமிருந்து வட்டி இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் முதல் தேதி இரண்டு வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்கினேன். வெறி பிடித்த மாதிரி எழுதினேன். தே ஓ 1.50, பெட்ரோல் 5. அந்த மாதம் 210 வெள்ளி மிச்சம். ரொம்பப் பெருமை. ஆனால் அதே மாதம் கூலிமில் இருக்கும் என் நண்பனின் பாட்டி இறந்துபோனார். சின்ன வயதில் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டவர். போய் வர பெட்ரோல், கையில் கொஞ்சம் கொடுக்கணும், அன்று வேலைக்குப் போகாவிட்டால் 60 போச்சு. கணக்குப் போட்டேன். போகவில்லை. "பரீட்சை இருக்கு மச்சான்" என்று செய்தி அனுப்பினேன்.

அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் எழுதியிருக்க. மனுசங்களுக்கு எங்கடா பக்கம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு பரிமேலழகர் உரையில் கிடைத்தது. இல்வாழ்க்கை அதிகாரத்தில், 43ஆம் குறளில், முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்று ஐந்து இடங்களை வள்ளுவர் சொல்கிறார். அரசனுக்கு வரி ஆறில் ஒரு பங்கு என்று ஆனதே, மீதி ஐந்து பங்கு இந்த ஐவருக்கு வேண்டும் என்பதால்தான் என்று பரிமேலழகர் எழுதுகிறார். படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். இது பட்ஜெட் இல்லாமல் வேறென்ன? அதில் 'தான்' என்பதும் ஒரு பங்கு, கவனியுங்கள். கடைசியில் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. சிக்கனம் என்று சொல்லிப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை.

ஏப்ரலிலிருந்து என் 480 இப்படிப் போகிறது. பங்குகள் சமமாக இல்லை, அது என் நிலைமை. பெட்ரோல், கைப்பேசிக் கட்டணம் எல்லாம் அரசன் பங்கு, 100. சுற்றத்துக்கு 130, அதாவது அம்மா கையில். எனக்கு 100, அதைக் கணக்குக் கேட்க மாட்டேன். விருந்துக்கு 30, நண்பனுக்குத் தே தாரே வாங்கிக் கொடுப்பதும் அதில்தான், துக்க வீட்டுக்குப் போவதும் அதில்தான். முன்னோர் பங்கு 100, அதைச் சேமிப்பில் போடுகிறேன். தாத்தாவின் திதிச் செலவு போக மீதி எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு. இது உரையில் இல்லை, என் சொந்த வியாக்கியானம், தப்பென்றால் பெரியவர்கள் திருத்துங்கள். படிப்பு முடிந்ததும் பி.டி.பி.டி.என். கடன் வேறு காத்திருக்கிறது, அதற்கும் இந்தச் சேமிப்புதான் முதல் துணை.

தெய்வத்துக்கு 20. குறைவு என்று நினைக்கிறீர்களா? இறைவனுக்கு ஒரு பச்சிலை போதும் என்றவர் திருமூலர். கடன் வாங்கிக் காவடி எடுக்கிற, செயலியில் தவணை போட்டுத் தீபாவளித் துணி எடுக்கிற பழக்கம் நம் கூட்டத்தில் வளர்கிறது. முருகனுக்கு வாசி உள்ள காசு எதற்கு? இதைச் சொன்னதற்கு வகுப்பில் ஒரு அக்கா முறைத்தார். சொன்னது சொன்னதுதான்.

கடன் உங்கள் கையை மீறிப் போயிருந்தால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள், இன்னொரு செயலியையும் தேடாதீர்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற நிறுவனம் இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை. நான் தெரியாமல் போனேன், நீங்கள் போகாதீர்கள்.

கூலிம் நண்பன் வீட்டுக்கு மே மாதம் போனேன். பாட்டி படத்துக்கு முன்னால் நின்றேன். பரீட்சை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டேன்.

சங்கிலியை அம்மா இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மைலோ டின்னில் வைத்திருக்கிறார். "இருக்கட்டும்டா, எப்ப தேவைப்படுமோ" என்கிறார்.

வரும் ஞாயிறு வகுப்புக்கு ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கி வாருங்கள். நான் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். மார்ச் மாதப் பக்கத்தையும் கிழிக்கவில்லை, பார்க்கலாம்.