எழுதாமல் விட்ட காது

காதில் மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

மசாகி கொபயாஷியின் ‘குவைதான்’ (1964) படத்தை இந்த வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். மூன்று மணி நேரம், நான்கு கதைகள். மூன்றாவது கதை ஹோயிச்சி என்ற பார்வையற்ற இளம் பாடகனுடையது. கடலோர மடம் ஒன்றில் தங்கி, பீவா என்னும் நரம்புக் கருவியை மீட்டிக் கதை பாடுகிறவன். ஹெய்க்கே குலம் அழிந்த கதையை அவனைப் போல் பாட ஆளில்லை. 1185இல் டான்னோஉரா கடற்போரில் அந்தக் குலம் பூண்டோடு போயிற்று. குழந்தைப் பேரரசரை அணைத்துக்கொண்டு அவருடைய பாட்டி கடலில் இறங்கினாள். அவர்கள் போய்ப் பல காலம் ஆன பின், ஓர் இரவு, கவசம் அணிந்த ஒருவன் மடத்துக்கு வந்து ஹோயிச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். பெரிய இடத்தில் நீ பாட வேண்டும், வா என்கிறான். ஹோயிச்சியும் போகிறான். அரண்மனை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இடுகாடு. சபையில் இருப்பவர்கள் அந்தக் கடலில் செத்தவர்கள். தங்கள் சாவின் கதையைத் தாங்களே உட்கார்ந்து கேட்கிறார்கள்.

விஷயம் தெரிந்த துறவி அவன் உடம்பு முழுக்க மையால் இதய சூத்திரத்தை எழுதுகிறார். நெற்றி, இமை, உதடு, விரல்கள், பாதம். எழுத்து இருக்கும் இடம் ஆவியின் கண்ணுக்குப் படாது. மறுபடி கூப்பிட வரும் வீரனுக்கு ஹோயிச்சி தெரிவதில்லை. வெறும் காற்றில் இரண்டு காதுகள் மட்டும் இருக்கின்றன. வந்ததற்கு அத்தாட்சியாக அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறான்.

முன்பு இரண்டு முறையும் காது பிய்க்கப்படும் இடத்தில் பயந்தேன். இந்த முறை அதற்கு வெகு முன்பே, அந்தச் சபையைப் பார்த்தபோதே உடம்பு சில்லிட்டுவிட்டது. யாரும் அலறவில்லை, யாரும் பாயவில்லை. அசையாமல் உட்கார்ந்து பாட்டு கேட்கிறார்கள். அவ்வளவு கவனமாக யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

*

பேய்ப்படம் பார்க்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவேன். வியர்த்தாலும் சரி. ஃபேன் ஓடினால் படத்தின் அடியில் கிடக்கும் சின்னச் சத்தங்கள் போய்விடும். நல்ல பயம் அங்கேதான் கிடக்கிறது. சின்ன வயதில் தியேட்டரில் கண்ணைப் பொத்திக்கொள்வேன். பொத்தினால் பயம் கூடத்தான் செய்தது. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு அப்படி எதுவும் இல்லையே.

‘குவைதான்’ முதல் கதையில், கைவிட்டுப் போன மனைவியிடம் திரும்பி வரும் சாமுராய் விடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறான், இரவு பக்கத்தில் கிடந்தது எலும்பும் கூந்தலும் என்று. இற்றுப்போன பலகைகளின்மேல் தடுமாறி ஓடுகிறான். பலகை உடையும்போது உடைகிற சத்தம் வருவதில்லை. மரம் பிளக்கும் ஓசை முன்னதாகவோ பின்னதாகவோ வேறு எங்கிருந்தோ வருகிறது. இசையமைப்பாளர் தோரு தகேமித்சு செய்த காரியம் இது. கண் ஒன்றைச் சொல்கிறது, காது இன்னொன்றைச் சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாத அந்த இடைவெளியில் நாமும் அவனோடு தடுமாறுகிறோம். இன்றைய படங்கள் கதவு திறக்கும் அதே கணத்தில் பறையடித்ததுபோல் ஒரு சத்தத்தைப் போடுகின்றன. அதில் துள்ளுவது உடம்பு. பட்டாசுக்கும் துள்ளும்.

*

‘எ க்வயட் ப்ளேஸ்’ (2018) மறுபடி பார்த்தேன். கண்ணில்லாத, சத்தத்தை வைத்து வேட்டையாடும் ஜந்துக்கள். மணல் கொட்டிய பாதையில் வெறுங்காலோடு நடக்கும் குடும்பம். மூத்த மகளுக்குக் காது கேட்காது. நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸுக்கும் கேட்காது. அவள் பக்கத்திலிருந்து காட்டும்போது படம் எல்லா ஒலியையும் அணைத்துவிடுகிறது. ஜந்து அவளுக்குப் பின்னாலேயே நிற்கும், அவளுக்குத் தெரியாது. அந்தச் சில நொடிகள் எனக்குப் போதும். அடுத்த காட்சியிலேயே வயலின்கள் வந்து, இப்போது பயப்படுங்கள், இப்போது அழுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கும்போது வருத்தமாக இருக்கிறது. மௌனத்தைப் பற்றிப் படம் எடுத்தவர்களே மௌனத்தை நம்பவில்லை.

*

‘பிரமயுகம்’ (2024). ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டு மலபார். தப்பி ஓடிவரும் தேவன் காட்டில் வழி தவறி, இடிந்த மனை ஒன்றுக்குள் நுழைகிறான். அங்கே இருப்பவர்கள் வீட்டுக்காரரான கொடுமண் போற்றியும் ஒரு சமையல்காரனும். வேறு யாரும் இல்லை. தேவன் பாணன் சாதி, பாடுகிறவன். பாணன் என்ற சொல் நமக்கும் பழையது. யாழைத் தோளில் போட்டுக்கொண்டு வள்ளல் வீட்டு வாசலுக்கு நடந்தவர்கள். போற்றி அவனைப் பாடச் சொல்கிறார், அவன் பாடுகிறான். சாதி பார்க்காமல் தன்னை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாரே என்று தேவனுக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. பிறகுதான் சொக்கட்டான் பலகை வருகிறது. பணயம் வைக்க அவனிடம் எதுவும் இல்லாததால் தன் காலத்தையே வைக்கிறான். போன காலம் திரும்பாது, வாசலும் திறக்காது.

போற்றியாக வரும் மம்மூட்டி பல்லைக் காட்டிச் சிரிக்கும் காட்சிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு நிற்பது அவர் பாட்டு கேட்கும் காட்சி. சாய்ந்து உட்கார்ந்து, பாட்டை ரசிக்கிற மனிதரின் முகத்தோடு கேட்கிறார். அந்த ரசனை பொய்யில்லை என்றே நினைக்கிறேன். பசியும் ரசனையும் ஒரே முகத்தில் இருக்கின்றன. படம் முழுக்க மழை வேறு. ஓட்டில், முற்றத்தில், செடிகளில் என்று இடத்துக்கு இடம் வேறு வேறாகப் பெய்கிறது. ஃபேன் ஓடினால் இதெல்லாம் போயிருக்கும்.

ஹோயிச்சியும் தேவனும் அண்ணன் தம்பிகள். இருவரும் ஒண்ட இடம் தேடியவர்கள், இருவருக்கும் சொத்து குரல்தான். பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தால் மறுக்க வக்கில்லாதவர்கள். பேய் இவர்களைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

*

நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரையில். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். மணி கட்டிய நீண்ட வில், குடம், உடுக்கை. புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடும் கதைகளில் பல, அகாலமாகச் செத்துத் தெய்வமானவர்களின் கதைகள். முத்துப்பட்டன் கதை அப்படித்தான். பிறந்த சாதியை விட்டு வந்து, பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவன். பிறப்பிலிருந்து தொடங்கும் பாட்டு நடுராத்திரிக்கு மேல் சாவுக்கு வந்து சேரும். அந்தக் கட்டத்தில் சாமியாடியின் தோள் நடுங்கத் தொடங்கும். செத்தவன் தன் கதையைக் கேட்க வந்துவிட்டான் என்று எங்கள் ஆச்சி மெல்லச் சொல்லி, என்னைச் சம்மணம் போட்டு ஒழுங்காக உட்காரச் சொல்வாள்.

ஜப்பானையும் எங்கள் ஊர்க் கோயில் கொடையையும் நூல் போட்டு இணைக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஹோயிச்சியின் சபையைப் பார்த்தபோது நான் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டேன்.

தமிழ்ப் பேய்ப்படங்களின் ஃப்ளாஷ்பேக்கைப் பலர் குறை சொல்கிறார்கள். பயம் ஏறி வரும் நேரத்தில் கதையை நிறுத்திவிட்டு, பேய் உயிரோடு இருந்தபோது என்ன நடந்தது என்று அரைமணி நேரம் காட்டுகிறார்களே என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னேன். இப்போது சொல்லமாட்டேன். ‘காஞ்சனா’வில் (2011) சிரிப்புச் சத்தமெல்லாம் அடங்கி, கொல்லப்பட்ட திருநங்கையின் வாழ்க்கை திரையில் ஓடும்போது, அதுவரை கத்திக்கொண்டிருந்த அரங்கம் அடங்கி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறந்தது, வளர்ந்தது, துரத்தப்பட்டது, வெட்டப்பட்டது. வில்லுப்பாட்டின் வரிசைதான் அது. பேயை ஓட்டுவதற்கு முன் அதன் கதையைக் கேட்டுவிட வேண்டும் என்ற மரியாதை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. படம் சுமாராக இருந்தாலும் அந்த மரியாதை எனக்குப் பெரிது.

*

ராபர்ட் வைஸ் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்கும் (1961) ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’குக்கும் (1965) நடுவில் எடுத்த படம் ‘தி ஹான்டிங்’ (1963). இரண்டு பாட்டுப் படங்களுக்கு நடுவே ஒரு பேய் வீடு. ஷெர்லி ஜாக்சனின் நாவலிலிருந்து எடுத்தது. கடைசிவரை பேயைக் காட்டுவதில்லை. பூட்டிய அறைக்குள் இரண்டு பெண்கள் ஒட்டி உட்கார்ந்திருக்க, தாழ்வாரத்தில் ஏதோ ஒன்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் காட்சி. கேமரா கதவைப் பார்க்கிறது, நாமும் கதவைப் பார்க்கிறோம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி எலினோர். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள். அம்மா சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். கடைசி இரவு தட்டியபோது எலினோர் போகவில்லை. அந்த வீட்டில் முதல் தட்டல் கேட்டதும், தூக்கக் கலக்கத்தில், இதோ வருகிறேன் அம்மா என்று எழுகிறாள். பலமுறை பார்த்த படம். அந்த இடத்தில் இந்த முறை நிறுத்திவிட்டேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சற்று நேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆச்சிக்கு ஒரு விதி உண்டு. “ஏட்டி, ராத்திரி யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே என்னன்னு கேட்றாத. மூணு மட்டம் கூப்பிடட்டும். பேயி ரெண்டு மட்டந்தான் கூப்பிடும்.”

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒருநாள் இரவு இருட்டிலிருந்து என் பெயர் வந்தது. ஆச்சியின் குரல்தான். பேய் தெரிந்தவர்களின் குரலில்தான் கூப்பிடும் என்றும் அவளே சொல்லியிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இரண்டாவது முறை வந்தது. மூன்றாவதற்காகப் போர்வைக்குள் காத்துக்கிடந்தேன். மூன்றாவது வரவே இல்லை. பிறகு சுவரைத் தடவிக்கொண்டு யாரோ புறவாசலுக்கு நடந்து போகும் சத்தமும், வெகுநேரம் கழித்துத் திரும்பி வரும் சத்தமும் கேட்டன.

காலையில் அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “நீ செஞ்சதுதாம்ட்டி சரி. நாந்தான மூணாவது மட்டம் கூப்பிட்டிருக்கணும்” என்றாள்.

அவள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

*

‘பூதகாலம்’ (2022). இதுவும் ராகுல் சதாசிவன். பாட்டி இறந்துபோன வீட்டில் ரேவதியும் ஷேன் நிகமும், அம்மாவும் மகனுமாக. மகனுக்கு வீட்டில் ஏதோ தெரிகிறது, கேட்கிறது. வேலையில்லாத பையன், குடிக்கிறவன், அவன் பேச்சை யார் நம்புவார்கள்? அம்மாவுக்கும் மனச்சோர்வு. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அறைகளில், ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஏறாமல் வாழ்கிறார்கள். மருத்துவம் பார்க்கிறவர்களும் நோய்க்குப் பெயர் வைப்பதற்காகத்தான் கேட்கிறார்கள். முக்கால்வாசிப் படம்வரை பேய் இருக்கிறதா என்பதே சந்தேகம். அந்தச் சந்தேகத்தை இவ்வளவு பொறுமையாக வளர்த்த இந்தியப் படம் வேறு எனக்கு நினைவில் இல்லை. பேய்கூட இரண்டாம்பட்சம். சாப்பாட்டு மேசையில் அம்மா தலை நிமிராமல் இருக்கும் அந்த நேரங்களில்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை. நீ சொன்னது உண்மைதான் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அந்தப் பையன் படம் முழுக்கக் காத்திருக்கிறான்.

‘குவைதான்’ ஹோயிச்சியிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன். காது போன பிறகு அவன் பெயர் பரவுகிறது. பெரிய மனிதர்கள் தேடி வருகிறார்கள், பரிசுகள் குவிகின்றன. ஒரு சாதாரணக் கதையாக இருந்திருந்தால் அவன் பீவாவைத் தூக்கி எறிந்திருப்பான். அவனோ, அந்தத் துயரப்பட்ட ஆவிகளுக்காக உயிருள்ளவரை பாடுவேன் என்கிறான். தன் காதைப் பிய்த்தவர்களுக்காக. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

*

நேற்று ‘பூதகாலம்’ முடியக் கால்மணி நேரம் இருந்தது. இப்போதெல்லாம் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். உள்ளறையிலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு தடவைதான்.

“இந்தா வாரேம்மா.”

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். டம்ளரைத் திருப்பித் தரும்போது, “படம் முடிஞ்சிட்டா?” என்றாள்.

“இல்லம்மா, இன்னும் கொஞ்சம் கெடக்கு.”

போர்வையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் கூடத்துக்கு வந்தேன்.